நடுவில் தரகர் எதற்கு?

இன்று ஒரு வாசகசாலையானாலும் சரி, கூட்டுறவுச் சங்கமானாலும் சரி, தொழிலாளர் சங்கமானாலும் சரி, ஊருக்கொரு சிறு பத்திரிகையானாலும் சரி, தனக்கென்று ஓர் இணையதளம் வைத்துக் கொள்வது சாதாரணக் காரியமாகி விட்டது. காசு கொடுத்துப் பெயர் வாங்குகிறார்கள். வாடகைக்கு இடம் பிடிக்கிறார்கள். பகலெல்லாம் பிழைப்பைப் பார்த்துவிட்டு, இரவில் கண்விழித்துக் கட்டுரை எழுதி அதில் ஏற்றுகிறார்கள். பாராட்ட வேண்டிய காரியந்தான். ஆனால் ஏற்றிய பிறகு என்ன செய்கிறார்கள்? அக்கட்டுரையின் விலாசத்தைக் கொண்டுபோய் பேஸ்புக்கில் ஒரு தடவை, எக்ஸில் ஒரு தடவை, வாட்ஸ்அப் குழுக்களில் பத்துத் தடவை போட்டுவிட்டு, யாராவது வருகிறார்களா என்று வாசற்படியைப் பார்த்துக் கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

"போன வாரம் ஆயிரம் பேர் படித்தார்களே, இந்த வாரம் ஐம்பது பேர் கூட வரவில்லையே, ஏன்?" என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள். "அல்காரிதம் நமக்குச் சாதகமாக இல்லை" என்று பதில் வரும். இந்தப் பதிலுக்கும், "சனி பார்வை சரியாக இல்லை" என்கின்ற பதிலுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம்.

அல்காரிதம் என்பது ஆகாயத்திலிருந்து விழுந்ததல்ல. ஒரு கம்பெனியில் சம்பளம் வாங்கும் மனிதர்கள், அந்தக் கம்பெனியின் லாபத்தை உத்தேசித்து எழுதி வைத்த கணக்கு முறைதான் அது. எதை யாருக்குக் காட்டுவது, எதை மறைப்பது, எதை மேலே தூக்குவது, எதைக் கீழே அமுக்குவது என்பதெல்லாம் அந்தக் கணக்கின்படி நடக்கின்றது. மனிதன் எழுதியதை மனிதன் நினைத்தபோது மாற்றுகிறான். அப்படியிருக்க, அதை ஏதோ தலைவிதி போல் பாவித்து, "காலை எட்டு மணிக்குப் போட்டால் ஏறுமாம், படம் சேர்த்தால் ஏறுமாம், விலாசத்தைக் கடைசியில் போட்டால் ஏறுமாம்" என்று நல்ல நேரமும் பரிகாரமும் பார்ப்பது பகுத்தறிவுள்ளவர்கள் செய்கின்ற காரியமாகுமா? பழைய ராகுகாலத்தை விட்டவர்கள் கூட இந்தப் புது ராகுகாலத்தை விடவில்லை என்பதுதான் வேடிக்கை.

இந்த நோய்க்கு மருந்து இருக்கின்றது. புது மருந்தல்ல, 25 வருஷத்துக்கு மேற்பட்ட மருந்து. விலையும் இல்லை. செய்தி ஓடை என்று அதற்குப் பெயர். இணையதளம் வைத்திருக்கின்ற ஒவ்வொருவரும் அதை அமைக்க வேண்டும் என்பதும், படிக்கின்ற ஒவ்வொருவரும் அதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதுமே இக்கட்டுரையில் நாம் சொல்ல வந்த விஷயம்.

தரகர் செய்த காரியங்கள்

ஓடையைப் பற்றிச் சொல்லுமுன், அது ஏன் வேண்டும் என்பதற்குத் தரகரின் யோக்கியதையைக் கொஞ்சம் பார்ப்போம். யார் மேலும் துவேஷம் கொண்டு பேசவில்லை. உலகமறிய நடந்தவற்றை மட்டும் சொல்லுகின்றோம்.

2018ஆம் வருஷம் ஜனவரி 11ந் தேதி பேஸ்புக் தலைவர் மார்க் சக்கர்பர்க் ஓர் அறிவிப்புச் செய்தார். நண்பர்களும் குடும்பத்தாரும் எழுதுவதற்கு இனி முதலிடம் கொடுக்கப்படும், வியாபார ஸ்தாபனங்களும் பத்திரிகைகளும் போடுவது குறைவாகவே காட்டப்படும் என்பது அதன் சாரம். அவருடைய கடை, அவருடைய இஷ்டம். அதைக் குற்றம் சொல்ல நமக்குப் பாத்தியதை இல்லை. ஆனால் அதுவரை வருஷக்கணக்காக, "எங்கள் பக்கத்தைப் பின்தொடருங்கள், பின்தொடருங்கள்" என்று சொந்தப் பணத்தையும் உழைப்பையும் போட்டு ஜனங்களை அந்தக் கடைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தார்களே, அந்தப் பத்திரிகைக்காரர்களின் கதி என்ன? சேர்த்த ஜனங்கள் யாருடைய ஜனங்கள்? பத்திரிகைக்காரர் தம்முடைய வாசகர் என்று நினைத்துக் கொண்டிருந்தார். ஒரே ஓர் அறிவிப்பில், அவர் கடைக்காரருடைய வாடிக்கைக்காரர் என்று விளங்கிவிட்டது.

மற்றொன்று. இன்று எக்ஸ் என்று பெயர் வைத்துக் கொண்டிருக்கின்ற ட்விட்டரில் ஒருவர் எழுதுவதை, அக்கம்பெனியின் வாசலுக்கே போகாமல், ஓடை வழியாகத் தம் வீட்டிலிருந்தபடியே படிக்கும் சௌகரியம் ஒரு காலத்தில் இருந்தது. 2013 ஜூன் மாதத்தில் அந்த வாய்க்காலை அடைத்து விட்டார்கள். படிக்க வேண்டுமானால் எங்கள் வாசலுக்குத்தான் வரவேண்டும் என்றாகி விட்டது.

மூன்றாவது, எல்லாவற்றிலும் பெரிது. கனடா தேசத்தில் 2023 ஜூன் மாதத்தில், பத்திரிகைகளின் செய்திகளைக் காட்டுகின்ற பெரிய கம்பெனிகள் அப்பத்திரிகைகளுக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்று ஒரு சட்டம் நிறைவேறிற்று. பேஸ்புக்கின் சொந்தக்காரரான மெட்டா கம்பெனி அதற்குச் சம்மதிக்காமல், ஆகஸ்ட் முதல் கனடாவிலுள்ள தன் உபயோகக்காரர்களுக்குச் செய்திப் பத்திரிகைகளின் கட்டுரைகளையே காட்டாமல் நிறுத்திவிட்டது. சட்டம் நியாயமா, கம்பெனி நியாயமா என்கின்ற வழக்கிற்குள் நாம் போகவில்லை. அதே ஆகஸ்ட் மாதத்தில் அத்தேசத்தின் வடபாகத்தில் காட்டுத்தீ பரவிற்று. 16ந் தேதி, யெல்லோநைஃப் என்னும் நகரத்தின் ஜனங்கள் ஏறக்குறைய 20,000 பேரும் ஊரைக் காலி செய்து போகும்படி உத்தரவாயிற்று. எந்தச் சாலை திறந்திருக்கின்றது, தீ எவ்வளவு தூரத்தில் இருக்கின்றது என்று உள்ளூர்ப் பத்திரிகைகள் எழுதிக் கொண்டேயிருந்தன. அக்கட்டுரையை ஒருவர் மற்றொருவருக்குப் பேஸ்புக்கில் எடுத்துக் கொடுக்க வழியில்லை!

இதில் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. அப்பத்திரிகைகளின் இணையதளங்கள் மூடப்படவில்லை. செய்தி எழுதுவதும் நிற்கவில்லை. படிக்கின்றவர்களுக்குப் படிக்கும் ஆசையும் குறையவில்லை. இரண்டுக்கும் நடுவில் நின்ற தரகர் கதவைச் சாத்தினார், அவ்வளவுதான். ஓடை வைத்திருந்த ஒரு பத்திரிகைக்கும், அந்த ஓடைக்குச் சந்தா வைத்திருந்த ஒரு வாசகனுக்கும் நடுவில் இந்தத் தடை நுழைவதற்கு இடமே கிடையாது. நம் நாட்டிலும் புயல் வருகின்றது, வெள்ளம் வருகின்றது. நமக்கும் இது பாடமாக வேண்டாமா?

ஓடை என்பது என்ன?

பத்திரிகைக்குச் சந்தா கட்டுகின்ற வழக்கம் நமக்குப் புதிதல்ல. சந்தாதாரர் ஒரு தடவை விலாசம் கொடுக்கிறார். பத்திரிகை வெளிவந்த போதெல்லாம் தபாற்காரர் கொண்டுவந்து கொடுக்கிறார். அந்தத் தபாற்காரர் ஒரு நாள், "ஐயா, இந்த வாரப் பத்திரிகை உமக்கு ருசிக்காதென்று எனக்குத் தோன்றிற்று. ஆகையால் அதை ஆபீசிலேயே வைத்துவிட்டு, எதிர்வீட்டுக் கலியாணப் படத்தையும் ஒரு பல்பொடி விளம்பரத்தையும் கொண்டு வந்திருக்கிறேன்" என்று சொன்னால் நாம் சும்மா விடுவோமா? இன்று கையிலுள்ள போனில் தினந்தோறும் அதுதான் நடக்கின்றது. நாம் சும்மாதான் இருக்கின்றோம்.

செய்தி ஓடை என்பது இணையத்தில் தபால் சந்தா போன்றது. உங்கள் தளத்திலேயே ஒரு மூலையில் ஒரு சிறு பைல் இருக்கும். அதில் கடைசியாக வெளிவந்த பத்து அல்லது இருபது கட்டுரைகளின் தலைப்பு, விலாசம், தேதி, சுருக்கம் அல்லது முழு வாசகம் ஆகியவை, யந்திரம் படிக்கத்தக்க ஒழுங்கில் எழுதப்பட்டிருக்கும். வாசகர் தம் போனிலோ கம்ப்யூட்டரிலோ திரட்டி என்னும் ஒரு சாதனத்தை வைத்துக் கொண்டு, அந்தப் பைலின் விலாசத்தை ஒரு தடவை அதில் கொடுத்துவிடுவார். அது குறிப்பிட்ட நேரத்திற்கொரு தரம் போய், "புதிது ஏதாவது உண்டா?" என்று பார்த்து, இருந்தால் கொண்டுவந்து வைக்கும். பத்துத் தளங்களுக்குச் சந்தா வைத்திருந்தால் பத்தும் ஒரே இடத்தில், வந்த தேதி வரிசைப்படி நிற்கும். நடுவில் கணக்குப் போட்டு மறைப்பவர் எவருமில்லை. வாசகர் தம் பெயரையோ போன் நம்பரையோ எழுதினவருக்குக் கொடுக்க வேண்டியதுமில்லை. வேண்டாமென்றால் எவரையும் கெஞ்சாமல் நிறுத்திக் கொள்ளலாம். இரு தரப்பாருக்கும் இதைவிடக் கௌரவமான ஏற்பாடு வேறென்ன இருக்க முடியும்?

இதற்கு இங்கிலீஷில் வழங்கும் பெயர் ஆர்.எஸ்.எஸ். என்பது. பெயரைக் கேட்டு யாரும் திடுக்கிட வேண்டாம். நம் நாட்டில் அந்த மூன்று எழுத்துக்களில் வேறொரு ஸ்தாபனம் இருக்கின்றது. அதற்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை.

1999 மார்ச் மாதத்தில் அமெரிக்காவிலுள்ள நெட்ஸ்கேப் கம்பெனி இதன் முதல் ரூபத்தை வெளியிட்டது. அதை உண்டாக்கியவர்களில் ஒருவரான ராமநாதன் குஹா என்பவர் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். பிறகு இதன் இலக்கணத்தைப் பற்றி அபிப்பிராய பேதம் உண்டாகி, 2000 டிசம்பரில் இரண்டு கட்சியார் இரண்டு விதமாக வெளியிட்டார்கள். ஒரு கட்சியில் ஆரன் சுவார்ட்ஸ் என்கின்ற 14 வயதுப் பையனும் சரிசமமாக உட்கார்ந்து இலக்கணம் வகுத்தான். மற்றொரு கட்சிக்காரரான டேவ் வைனர் என்பவர் 2002 செப்டம்பரில் 2.0 என்னும் ரூபத்தை வெளியிட்டு, அடுத்த வருஷம் ஜூலையில் அதை ஹார்வார்டு சர்வகலாசாலையின் பெர்க்மன் நிலையத்தின் வசம் ஒப்படைத்து, யாரும் உபயோகிக்கலாமென்று விட்டுவிட்டார். 2005 டிசம்பரில் இணைய விதிகளை வகுக்கின்ற சபையார் ஆட்டம் என்னும் மற்றொரு ரூபத்தை, ஆர்.எப்.சி. 4287 என்ற இலக்கத்தில் பிரசுரித்தார்கள். இன்று வழக்கத்தில் இருப்பவை பெரும்பாலும் இந்த 2.0வும் ஆட்டமுந்தான். திரட்டிகள் இரண்டையும் படிக்கும்.

இவ்வளவு சண்டையையும் ஏன் சொன்னோமென்றால், இத்தனை பேர் சண்டை போட்டும் கடைசியில் இது எவருடைய சொத்தாகவும் ஆகவில்லை என்பதைக் காட்டவே. எந்தக் கம்பெனி திவாலானாலும், எந்த முதலாளி மனம் மாறினாலும் ஓடை ஓடும்.

"அதுதான் செத்துப் போய்விட்டதே!"

கொஞ்சம் விஷயம் தெரிந்தவர்கள், "ஓடையா? அது 2013லேயே செத்துப் போய்விட்டதே!" என்பார்கள். அவர்கள் குறிப்பிடுவது கூகிள் ரீடர் என்கின்ற திரட்டியை. 2005 அக்டோபரில் கூகிள் கம்பெனி அதை ஆரம்பித்தது. இலவசமாகவும் சௌகரியமாகவும் இருந்ததால் பெரும்பாலோர் அதிலேயே போய்ச் சேர்ந்தார்கள். 2013 ஜூலை 1ந் தேதி கம்பெனி அதை மூடிவிட்டது. பிறகு 2018 டிசம்பரில் பயர்பாக்ஸ் உலாவியும் தன்னுள்ளிருந்த ஓடை படிக்கும் வசதியை எடுத்து விட்டது.

மூடியது எது? ஒரு கடை. நெல் மண்டி ஒன்று மூடினால் நெல் விளைவது நின்று போகுமா? கூகிள் ரீடர் மூடிய அன்றும் ஓடைகள் ஓடிக் கொண்டுதான் இருந்தன. சந்தா ஜாபிதாவை ஒரு பைலாக எடுத்துக்கொண்டு வேறு திரட்டிக்கு மாறியவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இந்த ஜாபிதாவை எடுத்துப் போவதற்கென்றே ஓ.பி.எம்.எல். என்று ஒரு முறை இருக்கின்றது. பேஸ்புக்கில் உங்களைப் பின்தொடரும் ஐயாயிரம் பேரை ஜாபிதா எடுத்துக்கொண்டு வேறு கடைக்கு நீங்கள் போக முடியுமா? முடியாது. எந்த இடத்திலிருந்து உன் சாமான்களோடு வெளியேற முடியாதோ, அந்த இடம் உன் வீடல்ல.

செத்துப் போனதாகச் சொல்லப்படும் இந்த ஓடையின் மேல்தான் இன்று ஜனங்கள் பஸ்ஸிலும் ரயிலிலும் காதில் மாட்டிக்கொண்டு கேட்கின்ற பாட்காஸ்ட் என்கின்ற ஒலிப் பேச்சுக்களெல்லாம் சவாரி செய்கின்றன. ஓடைக்குள் ஒலிப் பைலின் விலாசத்தைச் சேர்த்தனுப்பும் முறையை வைனர் 2000 டிசம்பரில் சேர்த்தார். ஆப்பிள் கம்பெனி 2005 ஜூனில் அதைத் தன் ஐடியூன்ஸில் எடுத்துக் கொண்டது. இன்றும் ஆப்பிள் பாட்காஸ்டில் இடம்பெற விரும்புகின்றவர் கொடுப்பது தம் ஓடையின் விலாசத்தைத்தான். ரிசர்வ் பாங்கி தன் பத்திரிகைக் குறிப்புகளுக்கு ஓடை வைத்திருக்கின்றது. அமெரிக்கப் பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகா, உலகில் எங்கே பூமி அதிர்ந்தாலும் ஓடையில் அறிவிக்கின்றது. தமிழ் விக்கிப்பீடியாவில் இன்று எந்தப் பக்கம் மாற்றப்பட்டது என்பதை ஓடையில் பார்க்கலாம். யூடியூப் சானல்களுக்குக் கூட ஓடை உண்டு, வெளியே சொல்லுவதில்லை, அவ்வளவுதான். செத்ததன் லட்சணமா இது?

தமிழர்களுக்கும் இதில் பழைய அனுபவம் உண்டு. 2004இல் ஆரம்பமான தமிழ்மணம் என்னும் திரட்டி, பல ஊர்களிலும் பல நாடுகளிலும் சிதறிக் கிடந்து தமிழில் எழுதினவர்களுடைய எழுத்துக்களை ஓடை மூலம் திரட்டி ஒரே பக்கத்தில் காட்டிற்று. பெயர் தெரியாத ஒருவன் எழுதினதும், பெயர் பெற்றவர் எழுதினதும் வந்த வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. பல பேர் ஒருவரையொருவர் கண்டுபிடித்தது அப்படித்தான்.

அமைப்பது எப்படி?

இது பெரிய இஞ்சினீயர்கள் வேலை என்று யாரும் பயப்பட வேண்டியதில்லை. காலேஜ் வாசலை மிதிக்காதவர்களும் ஒரு சாயங்காலத்தில் முடிக்கக் கூடிய வேலை.

உங்கள் தளம் வேர்ட்பிரஸ்ஸில் நடக்கின்றதானால் ஓடை ஏற்கெனவே இருக்கின்றது. தளத்தின் விலாசத்திற்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டு, இங்கிலீஷில் "பீட்" என்று எழுதித் திறந்து பாருங்கள். சாதாரணமாகக் கடைசிப் பத்துக் கட்டுரைகள் அதில் இருக்கும். எத்தனை கட்டுரை, முழு வாசகமா சுருக்கமா என்பதை அமைப்புகளில் மாற்றிக் கொள்ளலாம். வீட்டிலேயே பொக்கிஷத்தை வைத்துக் கொண்டு வெளியே கடன் கேட்கின்றவர்கள் நம்மில் எத்தனை பேர்!

கையால் எழுதின தளமானால் ஓடையையும் எழுத வேண்டும். 2.0 இலக்கணப்படி, ஓடைக்குக் கட்டாயமாக வேண்டியவை மூன்றே: அதன் தலைப்பு, தளத்தின் விலாசம், ஒருவரி விவரணம். அதற்கடியில் கட்டுரைகள் ஒவ்வொன்றாக வரும். கட்டுரை ஒவ்வொன்றுக்கும் தலைப்பு அல்லது விவரணம் இரண்டில் ஒன்றாவது இருந்தாக வேண்டும். இது குறைந்த பட்சம். நாம் சிபார்சு செய்வது, ஒவ்வொரு கட்டுரைக்கும் தலைப்பு, விலாசம், தேதி, வாசகம், அடையாள எண் ஆகிய ஐந்தும்.

அடையாள எண் என்பது முக்கியம். ஒரு கட்டுரைக்கு ஒரு தடவை கொடுத்த அடையாளத்தைப் பிறகு மாற்றவே கூடாது. மாற்றினால் திரட்டி அதைப் புதுக் கட்டுரை என்று நினைத்து, ஒரே விஷயத்தை வாசகருக்கு இரண்டு தடவை, மூன்று தடவை கொண்டுபோய்க் கொடுக்கும். கட்டுரையின் நிலையான விலாசத்தையே அடையாளமாக வைத்துக் கொள்ளலாம்.

தேதி விஷயத்தில் நம்மவர்கள் தவறுவதற்கு இடமுண்டு. படிப்பவருக்குத் தளத்தில் தமிழில் தேதி போடுங்கள், நல்லதுதான். ஆனால் ஓடைக்குள்ளிருக்கும் தேதி யந்திரத்துக்காக. அங்கே 2.0 முறைப்படி கிழமையும் மாதமும் இங்கிலீஷ் மூன்றெழுத்துச் சுருக்கத்தில் இருக்க வேண்டும், முடிவில் நம் நாட்டு நேரத்திற்கு +0530 என்று குறிக்க வேண்டும். "சித்திரை" என்று எழுதினால் நமக்கு இனிக்கும், திரட்டிக்கு விளங்காது. தமிழ் எழுத்து உடையாமல் போக, பைல் யூ.டி.எப்.-8 முறையில் இருக்க வேண்டும்.

ஓடையின் பாஷையான எக்ஸ்.எம்.எல். மிகவும் கண்டிப்பானது. திறந்த அடைப்பை மூட மறந்தாலோ, இங்கிலீஷில் "அண்ட்" என்பதற்குப் போடுகின்ற சுருக்கக் குறியை அப்படியே போட்டுவிட்டாலோ பைல் முழுவதும் கெட்டுப்போகும். ஆகையால் எழுதினவுடன் பரீட்சித்துப் பாருங்கள். வலைத் தரங்களை வகுக்கின்ற டபிள்யூ.3.சி. ஸ்தாபனம் இதற்கென்று இலவசப் பரிசோதனைப் பக்கம் வைத்திருக்கின்றது. விலாசத்தைக் கொடுத்தால் எந்த வரியில் என்ன தப்பு என்று சொல்லிவிடும். "சரியாகத்தான் இருக்கும்" என்று நம்புவதைவிடச் சோதித்துப் பார்ப்பது நல்லதென்று நம் வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு ஓடை இருப்பதைத் தெரியப்படுத்த வேண்டும். பக்கத்தின் தலைப்பகுதிக்குள் ஓடையின் விலாசத்தைச் சுட்டும் ஒரு வரியைச் சேர்த்துவிட்டால், வாசகர் உங்கள் தளத்தின் பெயரைக் கொடுத்த மாத்திரத்தில் திரட்டி தானே ஓடையைக் கண்டுபிடித்துக் கொள்ளும். அதோடு மனிதர் கண்ணுக்கும் தெரிய வேண்டும். ஆரஞ்சு நிறச் சதுரத்தில் ஒரு புள்ளியும் இரண்டு வளைவுகளுமாக ஒரு சின்னம் உண்டு. அதை மட்டும் போட்டால் பாதிப் பேருக்கு விளங்காது. பக்கத்தில், "இத்தளத்துக்குச் சந்தா, இலவசம்" என்று தமிழில் எழுதி, சந்தா வைப்பது எப்படி என்று நாலு வரி சேருங்கள்.

சந்தா வைத்தவர் அதிகமாக ஆக, ஒவ்வொரு திரட்டியும் வந்து வந்து பைலைக் கேட்கும். கடைசியாகக் கேட்ட பிறகு மாறுதல் இல்லையானால், முழுப் பைலையும் திரும்பக் கொடுக்காமல், "மாறவில்லை" என்பதற்கு 304 என்ற எண்ணை மட்டும் பதிலாக அனுப்பும் ஏற்பாடு உண்டு. இடம் கொடுத்த கம்பெனியிடம் அது இருக்கின்றதா என்று கேட்டுக் கொள்ளுங்கள். செலவு குறையும். தளத்தை வேறு விலாசத்துக்கு மாற்றுகின்ற நாள் வந்தால், பழைய ஓடை விலாசத்திலிருந்து புதியதற்கு 301 என்னும் நிரந்தர வழிமாற்றம் வைத்துவிட்டுப் போங்கள். சொல்லாமல் வீடு மாறினவனைத் தபால் எப்படித் தேடும்?

ஆட்சேபணைகளும் சமாதானங்களும்

"முழு வாசகத்தையும் ஓடையில் கொடுத்தால் பிறர் திருடிப் போட்டுக் கொள்ளுவார்களே?" என்று சிலர் கேட்கிறார்கள். ஓடை இல்லாவிட்டாலும் திருடுகின்றவன் திருடிக் கொண்டுதான் இருக்கிறான். ஓடை அவனுக்கு வேலையைக் கொஞ்சம் சுலபமாக்கும் என்பது மெய்தான். பூட்டு போட்டால் திருடன் வரமாட்டான் என்பதற்காக வாசகசாலையையே பூட்டி வைப்பதா? கருத்துப் பரவ வேண்டுமென்று எழுதுகின்றவர்கள் முழு வாசகத்தையும் தாராளமாகக் கொடுக்க வேண்டும் என்பதே நம் அபிப்பிராயம். விளம்பர வருமானத்தில் ஜீவிக்கின்ற பத்திரிகைகள் சுருக்கம் மட்டும் கொடுக்கட்டும், அதில் நியாயமுண்டு. ஆனால் அந்தச் சுருக்கம் விஷயத்தைச் சொல்லுவதாக இருக்க வேண்டும். "அதிர்ச்சி! நடந்தது என்ன?" என்று தூண்டில் போடுவது சுருக்கமாகாது.

"எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று சரியாகத் தெரியாதே?" என்பது மற்றொரு ஆட்சேபணை. இது ஓரளவுக்கு வாஸ்தவம். சில திரட்டி நிலையங்கள் தம் மூலம் இத்தனை சந்தாதாரர் என்று சொல்லும். மற்றதை உத்தேசமாகத்தான் அறியலாம். ஆனால் படிப்பவர் எத்தனை மணிக்குப் படித்தார், எந்த வரியில் நிறுத்தினார், எந்த ஊரிலிருந்தார் என்றெல்லாம் வேவு பார்த்தறிவது எழுதுகின்றவருக்கு எதற்கு? அந்தக் கணக்குத் தெரியாதிருப்பது வாசகருடைய சுதந்திரத்திற்கு நாம் கொடுக்கின்ற விலை.

"ஓடையினால் புது வாசகர் வருவார்களா?" என்றால், தானாக வரமாட்டார்கள் என்று ஒளிக்காமல் சொல்லுகின்றோம். ஓடை இருக்கின்ற வாசகரைக் காப்பாற்றும். புதியவரைத் தேடிக் கொண்டுவருவது வேறு வேலை. அதற்காகச் சந்தைக்கடைகளுக்குப் போக வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. பேஸ்புக்கில் போடுங்கள், வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். சந்தையில் துண்டுப் பிரசுரம் கொடுப்பது நல்லதுதான். ஆனால் துண்டுப் பிரசுரத்தின் அடியில் உங்கள் வீட்டு விலாசம் இருக்க வேண்டாமா? சந்தைக்கு வந்தவரை வீட்டுக்கு அழைத்துச் சந்தாதாரராக்காமல், நாமும் சந்தையிலேயே குடியிருந்தால், சந்தைக்காரன் வாடகை உயர்த்துகின்ற நாளில் தெருவில் நிற்க வேண்டியதுதான்.

"எங்கள் ஜனங்களுக்கு இதெல்லாம் தெரியாது" என்பது கடைசி ஆட்சேபணை. ஜனங்களுக்கு வாட்ஸ்அப் மாத்திரம் பிறக்கும்போதே தெரிந்திருந்ததா? ஒருவர் ஒருவருக்குச் சொல்லிக் கொடுத்ததுதானே? வாசகசாலைகளிலும் சங்கங்களிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம் ஒதுக்கி, வந்தவர் போனில் ஒரு திரட்டியை வைத்து, அவரவருக்கு வேண்டிய நாலு ஓடைகளைச் சேர்த்துக் கொடுத்தால் போதும். நெட்நியூஸ்வயர், தண்டர்பேர்ட், பீட்லி, ஐனோரீடர் என்று திரட்டிகள் பல இருக்கின்றன. இவற்றில் முதல் இரண்டும் முழுவதும் இலவசமானவை, எவரும் உள்ளே திறந்து பார்க்கக் கூடியவை. பீட்லியும் ஐனோரீடரும் கம்பெனிகள் நடத்துபவைதான். ஆனால் ஜாபிதா உங்கள் கையில் இருக்கின்றவரை பிடிக்காதபோது மாறிக்கொள்ளலாம்.

படிக்கின்றவர்களுக்கு ஒரு வார்த்தை

இதுவரை எழுதுகின்றவர்களுக்குச் சொன்னோம். படிக்கின்ற தோழர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் இன்று காலையில் என்ன படித்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். அதில் நீங்களாகத் தேடிப் போய்ப் படித்தது எவ்வளவு? உங்கள் முன் யாரோ எடுத்துப் போட்டதைப் படித்தது எவ்வளவு? என்ன சாப்பிடுவது என்பதை நாம் தீர்மானிக்கின்றோம். யாருக்கு ஓட்டுப் போடுவது என்பதை நாம் தீர்மானிப்பதாகச் சொல்லிக் கொள்ளுகின்றோம். ஆனால் எதைத் தெரிந்து கொண்டு தீர்மானிப்பது என்பதை மட்டும், நம் முகத்தையே பார்த்திராத ஒரு கம்பெனியிடம் குத்தகைக்கு விட்டுவிட்டோமானால், பிறகு நாம் தீர்மானித்தது என்பதற்கு என்ன அர்த்தம்?

கோபம் வரும்படியான செய்தியைப் போட்டால் ஜனங்கள் அதிக நேரம் தங்குகிறார்கள், தங்கினால் விளம்பரம் அதிகம் விற்கும் என்பது தரகருடைய கணக்கு. ஓடைக்கு அந்தக் கணக்குத் தெரியாது. நீங்கள் கேட்டதைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, தீர்ந்ததும் "அவ்வளவுதான்" என்று நிறுத்திக் கொள்ளும். படித்து முடித்துவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போகலாம். முடிவில்லாமல் கீழே கீழே இழுத்துக் கொண்டே போகின்ற பக்கத்தில் அந்தச் சுகம் கிடையாது.

ஆகவே தோழர்களே, இணையதளம் வைத்திருப்பவர்கள் இந்த வாரமே தங்கள் தளத்தில் ஓடை இருக்கின்றதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அமையுங்கள். இருந்தால் பரீட்சித்துச் சரி செய்து வெளியே தெரியும்படி வையுங்கள். படிக்கின்றவர்கள் உங்களுக்குப் பிடித்த ஐந்து தளங்களுக்குச் சந்தா வையுங்கள். ஓடை இல்லாத தளத்தாருக்கு, "உங்கள் எழுத்து எனக்கு வேண்டும், ஆனால் தரகர் மூலம் வேண்டாம். ஓடை வையுங்கள்" என்று ஒரு கடிதம் எழுதுங்கள். எழுதுகின்றவனும் படிக்கின்றவனும் நேருக்கு நேர் நிற்பதற்கு ஒரு வழி திறந்தே இருக்கின்றது. அதில் நடப்பதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.